மலையில் வாடகைக்கு விட வீடு வாங்கும் முன் பகுதியை எடைபோடுவது எப்படி?

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்களிடம் பேசினால், "ஊட்டியில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் வாடகை தானாக வரும்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். கொடைக்கானலைப் பற்றியும் இதே பேச்சுதான். சொல்கிறவர் மே மாதத்தில் மலைக்கு வந்திருப்பார், அறை கிடைக்காமல் அலைந்திருப்பார், ஓர் இரவுக்குக் கொடுத்த தொகையை 30-ஆல் பெருக்கிப் பார்த்திருப்பார். அந்தக் கணக்கை நம்பி வாங்கியவர்கள் மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வங்கித் தவணை கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாங்கும் முன் சில கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்தச் சுமையைத் தவிர்த்திருக்கலாம்.

இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. சீசன் நேரத்து விடுதி வருமானத்தையும் மாத வாடகையையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அதோடு, ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று ஊரின் பெயரைக் கொண்டே இடத்தை மதிப்பிட்டுவிடுகிறார்கள். மலையில் ஒரு வளைவு திரும்பினால் மழை மாறும், வெயில் மாறும், குழாயில் தண்ணீர் வரும் நாள் மாறும், நிலத்தின் சட்ட நிலைகூட மாறும். ஆகவே ஊரை விட்டுவிட்டு அந்தச் சரிவையும், அதற்குப் போகும் சாலையையும், அங்கே பன்னிரண்டு மாதமும் வாழ்கிறவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

## குடியிருக்கப் போவது யார்?

டீக்கடை போட இடம் தேடுகிறவர் கட்டடத்தின் அழகைப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் அந்த முனையில் போய் நிற்கிறார். யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், நாளையும் இதே வழியாக வருவார்களா என்று கவனிக்கிறார். வாடகை வீட்டுக்கும் முதல் கேள்வி இதுதான். இந்தப் பகுதியில் வீடு தேடுகிறவர்கள் யார்? அவர்களை ஆண்டு முழுவதும் இங்கே இருக்கவைக்கும் வேலையோ படிப்போ எது? ஓர் இடத்தில் குடியிருக்க வீடு தேடும் ஆட்கள் தொடர்ந்து இருப்பதைத்தான் வாடகைத் தேவை என்கிறோம்.

மலையில் மாத வாடகை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இடமாற்றத்தில் வந்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓட்டலிலும் கடையிலும் வேலை செய்பவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிவந்த குடும்பங்கள். ஊட்டி நீலகிரி மாவட்டத்தின் தலைநகர் என்பதால் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு கலைக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் அங்கே இருக்கின்றன. குன்னூர்ப் பக்கம் அருவங்காட்டில் 1904-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. கேத்தியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கொடைக்கானலுக்கு அருகே அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூடலூர், கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் சாலை பிரியும் வணிக ஊர்.

பெரிய பெயர்ப்பலகையைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் அதிகாரிகள் வருகிறார்கள். ஆனால் ராணுவத்துக்குச் சொந்தக் குடியிருப்புகள் உண்டு. உண்டு உறைவிடப் பள்ளிகளின் மாணவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். அப்படியானால் வெளியில் வீடு தேடுகிறவர்கள் யார்? அலுவலக உதவியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், சுற்றியுள்ள கடைகளில் வேலை செய்பவர்கள். அவர்களால் எவ்வளவு வாடகை கொடுக்க முடியும் என்பதே உங்கள் வருமானத்தின் உச்சவரம்பு. மூன்று படுக்கையறையும் பளிங்குத் தரையும் அந்த வரம்பை உயர்த்திவிடாது.

ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் பகுதியில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஊட்டியின் இந்து நகர், ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு. அங்கே 1967-இல் பிலிம் உற்பத்தி தொடங்கியது. பிறகு டிஜிட்டல் கேமராக்கள் வந்தன, பிலிம் சுருள் கேட்பாரற்றுப் போனது, நலிந்துகிடந்த ஆலை கடைசியில் மூடப்பட்டது. ஆகவே பகுதிக்கு ஆள் வருவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று தனித்தனிக் காரணங்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சுருக்கமாக: மாத வாடகை தருபவர் இங்கே வேலை செய்கிறவர் அல்லது படிக்கிறவர். அவர் யார், அவருடைய சம்பளம் என்ன, அவருக்கு நிறுவனமே வீடு தருகிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே வீட்டைப் பார்க்கப் போக வேண்டும்.

## சீசன் வருமானம் வேறு கணக்கு

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது ஒரு தொழில். அதற்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், கட்டடத்துக்கு அந்தப் பயன்பாட்டுக்கான அனுமதி வேண்டும், அன்றாடம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டைச் சத்தமில்லாமல் காட்டேஜாக நடத்துவது சட்டமீறல். அப்படிப்பட்ட கட்டடங்களுக்குச் சீல் வைக்கும் செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அடிக்கடி வருகிறது.

வருகிற வண்டிகளின் எண்ணிக்கையும் இப்போது சந்தையின் கையில் மட்டும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் முறை, அதாவது வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே பதிந்து அனுமதி பெறும் முறை, வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனைப் பற்றிய கவலையிலிருந்து வந்த இந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் மே மாத வருமானத்தை மட்டும் நம்பி வீடு வாங்குகிறவருக்கு இது பெரிய ஆபத்து. மாதக் குடித்தனக்காரர் உள்ளூர்வாசி. இந்த வரம்பு அவரைத் தொடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல வீடுகள் எல்லாம் காட்டேஜாக மாறிக்கொண்டிருப்பதால் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் வீடு கிடைப்பது கடினமாகிவிட்டது. ஊருக்கு உழைக்கிறவர்கள் ஊருக்குள் தங்க இடமில்லாமல் தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள். முறையான மாத வாடகைக்கு வீடு விடுகிறவருக்கு அதனாலேயே இங்கே இடம் இருக்கிறது.

## சரிவைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

மலையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் மழை. நீலகிரியின் மேற்கே உள்ள கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி ஆகியவை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. கிழக்கே உள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். கொடைக்கானலுக்கும் அந்த மாதங்களே கனமழைக் காலம். ஆகவே 'மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. குன்னூர் வீட்டை ஜூலையில் பார்த்துவிட்டு மழையை அறிந்துவிட்டதாக நினைக்க முடியாது. அதை நவம்பரில் பார்க்க வேண்டும்.

அடுத்து மண். நீலகிரிச் சரிவுகளில் பாறைக்கு மேல் தடித்த மண் படிந்திருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்கும்போது மண் கனக்கிறது. துகள்களுக்கிடையே நிற்கும் தண்ணீர் அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. பிடிப்பு எடைக்குத் தோற்கும்போது சரிவு கீழே வருகிறது. இதுவே நிலச்சரிவு. வீடு கட்டச் சமதளம் வேண்டும் என்று சரிவின் அடியை வெட்டி எடுப்பது, மேலே உள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த காலை எடுப்பதற்குச் சமம். தண்ணீர் இறங்கும் ஓடையை மூடிவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் பெய்த பேய்மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டைப் பற்றி அங்கே யாரிடம் கேட்டாலும் எந்த இடம் இறங்கியது என்று கை காட்டுவார்கள். கேளுங்கள்.

கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? அந்தச் சுவரில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபட்டிருக்கின்றனவா? மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? கதவு நிலை கோணி, கதவு தட்டுகிறதா? புதிய வண்ணம் அடித்த சுவரில் படிக்கட்டு வடிவில் விரிசல் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தட்டையான மனை பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றும். அது சதுப்பு நிலமாக இருந்து மண் கொட்டி மேடாக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். அங்கே வெள்ளமும் நிற்கும், அடித்தளமும் இறங்கும்.

வெயிலைப் பற்றிச் சமவெளிக்காரர்கள் யோசிப்பதே இல்லை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவுக்கு வெயில் குறைவு. கிழக்குப் பார்த்த சரிவுக்குக் காலை வெயில் கிடைக்கும். பிற்பகலில் மேகம் சூழும் மலைப்பகுதியில் காலை வெயில்தான் உண்மையான வெயில். தெளிவான ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்குகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழுவது இதனால்தான். வெயில் படாத வீட்டில் சுவர் பூஞ்சை பிடிக்கும், துணி உலராது, குழந்தைகளுக்குச் சளி விடாது. வந்த குடித்தனக்காரர் ஒரு மழைக்காலத்தோடு காலி செய்வார். பள்ளத்தாக்குக் காட்சி கொண்ட ஈரமான வீட்டைவிட, எதிரே வெறும் சாலை தெரிந்தாலும் காலை வெயில் விழும் வீடு நெடுநாள் குடித்தனத்துக்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர்: இவ்வளவு மழை பெய்யும் மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்காதீர்கள். பெய்த மழை சரிவில் ஓடிவிடுகிறது. ஊட்டி நகரம் பார்சன்ஸ் வேலி போன்ற நீர்த்தேக்கங்களையும், குன்னூர் ரேலியா அணையையும், கொடைக்கானல் மேல்மலை நீர்த்தேக்கங்களையும் நம்பியிருக்கின்றன. மார்ச் முதல் மே வரை அவை வற்றும்போதுதான் சுற்றுலாக் கூட்டமும் வருகிறது. வீட்டுக்கு நகராட்சி இணைப்பு உண்டா, கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, தொட்டி எவ்வளவு பிடிக்கும், லாரி வாசல் வரை வருமா என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். மலையில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

சாலையிலிருந்து வாசலுக்குப் படிகள் எத்தனை என்று பாருங்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வர ஒவ்வொரு முறையும் கூலி. முதியவர் உள்ள குடும்பம் அந்த வீட்டை வேண்டாம் என்றுவிடும். இரவுப் பணி முடிந்து வரும் செவிலியருக்குத் தெருவிளக்கு முக்கியம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு தெருவில் நிற்பது புதிதல்ல. கோத்தகிரிப் பக்கம் கரடி, கூடலூர்ப் பக்கம் யானை.

சுருக்கமாக: மழை எந்த மாதம், மண் எங்கே நகர்ந்தது, வெயில் எப்போது விழுகிறது, தண்ணீர் எந்த நாள் வருகிறது, வாசலுக்கு எப்படிப் போவது. ஊர்ப்பெயர் இவற்றில் எதையும் சொல்லாது.

## நிலத்தின் காகிதங்கள்

பட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான வருவாய்த் துறைப் பதிவு. வில்லங்கச் சான்று என்பது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். இரண்டும் தேவை. இரண்டு மட்டும் போதாது. பதிவாகாத உடன்பாடும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். மூலப்பத்திரத்திலிருந்து கைமாறிய வரிசையை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்க வேண்டும். அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இதற்கு மேல் மலைக்கே உரிய சில தடைகள் உண்டு. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்க, ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். தேயிலைச் செடி நிற்கும் நிலம்கூட அந்தப் பட்டியலில் இருக்கலாம். கட்டடம் கட்ட, 'ஹாகா' என்று பேச்சில் வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் உயர வரம்பும் உண்டு. கூடலூரில், ஜன்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களுக்கு உரிமை இன்னும் தீராத சிக்கல். முதுமலைக்கு அருகே சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளின் வழக்கில், அவற்றைக் காலி செய்யச் சொன்ன 2011-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பல ஆண்டுகளாக நடந்துவந்த விடுதி என்பதால் அது சட்டப்படி சரியானது ஆகிவிடாது என்பதை மசினகுடி, பொக்காபுரம் பக்கம் போனால் புரிந்துகொள்ளலாம்.

கட்டட அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி இருந்தால், அதன் வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## கணக்கு போடுவது எப்படி?

ஆண்டு வாடகையிலிருந்து செலவுகளைக் கழித்து, மிஞ்சுவதை மொத்த முதலீட்டால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது நிகர வாடகை விகிதம். ஒரு கற்பனை எண்ணிக்கையில் பார்ப்போம். வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய், மாத வாடகை 15,000. ஆண்டுக்கு 1,80,000. தரகர் இதை வைத்து 3 சதவீதம் என்பார்.

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 5.4 லட்சம் கூடி முதலீடு 65.4 லட்சம் ஆகிறது. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 15,000 போகும். சொத்து வரி, கூரை ஒழுகல், பூஞ்சை பிடித்த சுவருக்கு வண்ணம் எல்லாம் சேர்த்து 30,000 வைப்போம். மிஞ்சுவது 1,35,000. விகிதம் ஏறக்குறைய 2.1 சதவீதம். வீட்டுக் கடன் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பகுதியின் குணம் இந்தக் கணக்குக்குள் எப்படி நுழைகிறது என்பதே முக்கியம். வாடகைத் தேவை குறைந்த இடத்தில் காலி மாதம் மூன்றாகும். ஈரச் சரிவில் பராமரிப்புச் செலவு இருமடங்காகும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது 75,000 மட்டும். வீடு அதே வீடு, விலையும் அதே விலை, ஆனால் விகிதம் 1.1-க்கு இறங்கிவிடுகிறது. 'நிலத்தின் விலை ஏறும்' என்று சமாதானம் சொல்வார்கள். ஏறலாம். அது வாடகை வருமானம் அல்ல, விற்கும்வரை கைக்கும் வராது. இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

## யாரிடம் கேட்பது, எப்போது போவது

ஞாயிற்றுக்கிழமை மதியம் தரகரின் காரில் போய்ப் பார்ப்பது போதாது. வார நாளில் பள்ளி விடும் நேரத்தில் பஸ்ஸில் போங்கள். இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மே மாதத்தில் ஒருமுறை போனால், சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் உள்ளூர்வாசி மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரியும்.

சிலிண்டர் கொண்டுவருபவர், தண்ணீர் லாரி ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர், பால் ஊற்றுகிறவர் ஆகியோருக்கு எந்த வீடு அடிக்கடி காலியாகிறது, ஏன் காலியாகிறது என்பது தெரியும். பக்கத்தில் வாடகைக்கு இருப்பவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், மழைக்காலத்தில் என்ன தொல்லை? விற்பவரிடம், கடைசியாக வந்த குடித்தனக்காரரின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து வடிவ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். விற்பவர் வாயால் சொல்லும் வாடகைக்கும் ஒப்பந்தத்தில் உள்ள வாடகைக்கும் வேறுபாடு இருந்தால், ஒப்பந்தத்தில் உள்ளதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

"நாளைக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று யாராவது அவசரப்படுத்தினால், வழக்கறிஞரின் கருத்து எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விற்பவர் காத்திருக்க மறுத்தால், அடுத்த சரிவில் வேறு வீட்டைப் பாருங்கள்.